காலில் போடுவதெல்லாம் செருப்பா?

பெட்டியை ஹாலில் உட்கார்ந்து பிரித்ததுதான் வம்பாகிப் போனது. உள்ளே நீல நிறத்தில் ஒரு ஜோடி ஃபின்ஸ் இருந்தது. கடலில் நீந்துகிறவர்கள் தவளைக்கால் மாதிரி மாட்டிக்கொண்டு உதைப்பார்களே, அது. பாதத்தை நுழைக்க ரப்பரில் ஒரு பை, அதன் முன்னாலிருந்து கை நீளத்துக்கு ஒரு தகடு. தகட்டைத் தடவித் தடவி நான் பூரித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் வீட்டுக்காரர் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்ற வந்து நின்றார்.

“இது என்னா?”

“ஃபின்ஸுங்க. நீச்சலுக்கு.”

“எங்க மாட்டறது?”

“கால்லதான்.”

“அப்ப வெளிய வை.”

எங்கள் வீட்டில் சாமிக்கு விளக்கேற்றுவது அவர்தான். பகலெல்லாம் பத்து பகாட் டவுனில் தன் டயர் கடையில் கரியும் எண்ணெயுமாகக் கிடந்துவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்குள் நுழைந்ததும் சுத்தம் சுத்தம் என்று உயிரை எடுப்பார். காலில் போடும் எதுவும் வாசல் கிரில்லைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. எங்கள் வீட்டில் இதற்கு அப்பீல் கிடையாது. ஆனால் எனக்கும் வாய் சும்மா இருக்காது.

“இது புதுசுங்க. தரையில பட்டதே இல்ல. இனிமேயும் படாது, தண்ணியிலதான் போடுவேன்.”

“தண்ணியில போட்டாலும் கால் கால்தானே?”

“உங்க சாக்ஸும் கால்லதான் போடறீங்க. அது கட்டில் மேல கிடக்குது.”

கொஞ்சம் யோசித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“சாக்ஸ் துணி. இது ரப்பர். செருப்பும் ரப்பர்தான்” என்று சொல்லிவிட்டு விளக்கில் எண்ணெய் ஊற்றப் போய்விட்டார். என் ஃபின்ஸ் கார் போர்ச்சுக்குப் போனது. செருப்பு ராக்கின் தட்டுகளில் அது நுழையாததால், ராக்குக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில், நுனி தரையில் ஊன்றும்படி நிறுத்தி வைத்தேன்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று என் நாத்தனார் உட்பட எல்லோரும் கேட்டுவிட்டார்கள். கோபத்திலிருந்து வந்தது. நான் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தைத்து வரும் சட்டைகளில் தையல் கோணலாக இருந்தால் பிடித்து ஒதுக்குவது என் வேலை. அதற்கு முந்தின வருடம் தொழிற்சாலையில் எல்லோரையும் குடும்பத்தோடு மெர்சிங் பக்கத்துத் தீவு ஒன்றுக்கு அழைத்துப்போனார்கள். அப்போது எனக்கு நீச்சலே தெரியாது. மிதவைச் சட்டையை மாட்டி, ஒரு ஆரஞ்சு வளையத்தைக் கையில் கொடுத்து, வழிகாட்டி மலாய்க்காரர் என்னையும் இன்னும் சிலரையும் கயிற்றில் இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடி வழியே கீழே பார்த்தேன். பார்த்ததும் வாயில் இருந்த குழாயைக் கடித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். அவ்வளவு மீன், அவ்வளவு நிறம். சேலைக் கடையில்கூட ஒரே இடத்தில் அத்தனை நிறம் பார்த்ததில்லை.

அப்போது ஓர் ஆமை வந்தது. பெரியது. அவசரமே இல்லாமல் எங்கள் காலடியில் கடந்து, பவழப்பாறை முடிகிற பக்கமாகப் போனது. நீந்தத் தெரிந்தவர்கள் அதன் பின்னால் போனார்கள். வழிகாட்டி என்னைப் பார்த்து, “காக், துங்கு சினி” என்றார். அக்கா, இங்கேயே இருங்கள். நான் வளையத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்கள் எல்லாம் ஆமையைச் சுற்றி வந்துவிட்டு, அதன் கண் எப்படி இருந்தது, வால் எப்படி இருந்தது என்று படகில் கதை கதையாகச் சொன்னார்கள். எனக்கு அழுகை முட்டியது. யார்மேல் என்று தெரியாத எரிச்சல். இன்னொரு முறை வருவேன், எதையும் பிடிக்காமல் அந்தப் பாறையின் முனை வரைக்கும் போய்ப் பார்ப்பேன் என்று அந்தப் படகிலேயே முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரர் அன்றைக்குப் படகை விட்டு இறங்கவே இல்லை. அவருக்குத் தண்ணீரென்றால் பயம். முகம் கழுவும்போதுகூடக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறவர். நான் இன்னொரு முறை போகவேண்டும் என்றதும் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, “போவோம். மழைக்காலத்துக்கு முன்ன ஒரே ஒரு தடவ. அதோட கடல் கிடல்னு பேசக்கூடாது, அதான் கடைசி” என்றார். கிழக்குக் கரைத் தீவுகளுக்கு மழைக்காலத்தில் படகு ஓடாது. ஆக எனக்குக் கிடைத்தது ஒரு வாய்ப்பு, அதற்குக் கெடுவும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் நீச்சல்குளத்துக்குப் போய் நீந்தக் கற்றுக்கொண்டேன். தண்ணீர் குடித்தேன், மூக்கில் ஏற்றிக்கொண்டேன், கடைசியில் ஒரு வழியாக மிதந்தேன். அதற்குப் பிறகுதான் ஃபின்ஸ் வாங்கும் எண்ணம் வந்தது. கைப்பேசியில் பார்த்து, இருப்பதிலேயே நீளமான தகடாகத் தேர்ந்தெடுத்தேன். நீளமாக இருந்தால் வேகமாகப் போகலாம் என்பது என் கணக்கு. அளவிலும் ஒரு கணக்கு போட்டேன். நாங்கள் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள். பள்ளிச் சப்பாத்து எப்போதும் காலைவிடப் பெரிதாகத்தான் வாங்கித் தருவார்கள், முன்னால் நாளிதழைச் சுருட்டி அடைத்துப் போட்டுக்கொள்வோம். அந்தப் பழக்கம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. போதாக்குறைக்கு, இரண்டு காலிலும் மெட்டி இருக்கிறதே, அதற்கும் இடம் வேண்டாமா? என் காலுக்கு ஒரு அளவு பெரிதாகவே சொல்லிவிட்டேன்.

முதல் நாள் குளத்தில் மாட்டியதும் அது என்னை நீந்தவைக்கவில்லை, நான்தான் அதைத் தூக்கிச் சுமந்தேன். உதைக்கும்போதெல்லாம் குதிகால் பையிலிருந்து நழுவி நழுவி வந்தது. என் வீட்டுக்காரரின் பந்து விளையாட்டுச் சாக்ஸ் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு அடைத்துப் பார்த்தேன். அது தண்ணீரைக் குடித்துச் செங்கல் மாதிரி கனத்தது. நீளத் தகடோ கெண்டைக்காலைப் பிடித்து முறுக்கியது. பாதிக் குளத்தில் கால் பிடித்துக்கொண்டு நான் கத்திய கத்தலில், உயிர்காப்பவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டுக்காரரும் கூட வருவார். குளத்தோரப் பெஞ்சில் தேநீர் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்து, நான் மூழ்கிவிடவில்லை என்பதை உறுதிசெய்வது அவர் வேலை. கால் பிடித்தாலும் நான் விடவில்லை. வாங்கியதை வீணாக்கக் கூடாது என்ற பிடிவாதம் வேறு. வாரங்கள் போகப்போகக் கால் பழகியது போலத்தான் இருந்தது. ஆனால் ஒரு புது வினோதம் ஆரம்பித்தது. நான் நேராகப் போகிறேன் என்று நினைத்து உதைப்பேன், தலையைத் தூக்கினால் பக்கத்துப் பாதையில் இருப்பேன். ஒரு ஞாயிறு, அந்தப் பாதையில் சாந்தமாக நீந்திக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்மணியின் விலாவில் போய் முட்டினேன். “ஐயோ!” என்று அவர் கத்தினார், “சாரி, சாரி” என்று நான் கத்தினேன். மறு சுற்றிலும் அவரையே போய் முட்டினேன். இந்த முறை அவர் குளத்தை விட்டே ஏறிப் போய்விட்டார்.

பெஞ்சிலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“கழட்டு” என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கடையில் டயரைப் பார்ப்பது அப்படித்தான். அப்புறம் இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது காலுடைய தகடு நுனியில் ஒரு பக்கமாகத் திரும்பி, சுருண்டு கிடந்தது.

“அலைன்மெண்ட் அவுட்டு லா. வண்டி இடது பக்கம் இழுக்குமே, அதே கேஸு.”

நாளெல்லாம் கோணல் தையலைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு இது கண்ணில் படவே இல்லை. மூக்குடைந்து நின்றேன். அவர் விடாமல் தகட்டை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி வளைஞ்சிச்சு? வெயில்ல நிக்கவச்சாதான் ரப்பர் இப்படிப் போவும். மேல எதாச்சும் சாஞ்சிருக்கணும்.” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். போர்ச்சில் அந்த இடுக்கில்தான் மாலை வெயில் விழும். அதன்மேல் சாய்ந்து கிடந்தது அவருடைய கடைப் பூட்ஸ். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோனது. நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் பேசாமல் இருந்து ஜெயித்தது அந்த ஒரு முறைதான்.

“ஜேபில நல்ல கடை இருக்குதாம், போய்ப் பாப்போம்” என்றார் அவர், குளத்தைப் பார்த்துக்கொண்டே.

ஜொகூர் பாருவில் அந்தக் கடை ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருந்தது. சுவர் முழுக்க ஃபின்ஸ் தொங்கியது. குதிகாலில் பட்டை வைத்தவை, முழுப் பாதத்தையும் மூடுபவை, குளத்துக்கான குட்டைத் தகடுகள், மூச்சடக்கி ஆழம் போகிறவர்களுக்கான நீளத் தகடுகள். எனக்குத் தலை சுற்றியது. கடைக்காரப் பெண் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, எங்கே நீந்தப் போகிறேன், படகிலிருந்து இறங்குவேனா, கரையிலிருந்து கல்லில் நடந்து போவேனா, கால் பிடிக்குமா என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“இதத்தான் நானும் கேப்பேன். ஹைவேயில ஓட்டறியா, தோட்டத்து ரோட்டுல ஓட்டறியான்னு கேக்காம டயர் குடுக்கறவன் கடைக்காரனே இல்ல” என்று என்னிடம் தமிழில் சொன்னார். அதற்கப்புறம் ஃபின்ஸ் வாங்க வந்தது நான்தான் என்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். படகிலிருந்து நேரே தண்ணீரில் இறங்குவதால் முழுப் பாதத்தையும் மூடுவது போதும், பட்டை வைத்ததற்குத் தனியாக ரப்பர் காலுறை போடவேண்டும். தகடு நடுத்தர நீளம், கையால் அழுத்தினால் வளைந்து, விட்டதும் நிமிரவேண்டும். ரொம்ப விறைப்பு கெண்டைக்காலைப் பிடிக்கும், ரொம்பத் தொளதொளப்பு தண்ணீரைத் தள்ளாது. என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்துவிட்டார்.

கடைசியாக மஞ்சள் நிறத்தில் ஒன்றை என் சரியான அளவில் மாட்டினார்கள். காலைத் தூக்கி உதறச் சொன்னார்கள். குதிகால் அசையவில்லை. விரல்கள் மடங்கவில்லை. ஆனால் இரண்டாம் விரலில் சுருக்கென்று குத்தியது.

“வலிக்குது. ஒரு சைஸ் பெருசா குடுங்க” என்றேன்.

கடைக்காரப் பெண் குனிந்து, விரல் நுனி வெளியே தெரியும் துளை வழியாகப் பார்த்தார். அளவில் குறையில்லை, மோதிரம்தான் அழுத்துகிறது, கழற்றிவிட்டுப் போட்டால் சரியாக இருக்கும் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நான் மருத்துவமனையில் இருந்தபோதுகூட என் மெட்டியைக் கழற்ற விடாமல் தாதியோடு சண்டை போட்டவர் இவர். இதற்காகவே பெரிய அளவை எடுத்துக்கொண்டு போய்விடலாம், மறுபடியும் சாக்ஸ் அடைக்கலாம் என்று எனக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். அப்புறம் பேண்ட்டை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் கடையின் நடுவில், என் காலடியில் உட்கார்ந்தார். ஃபின்ஸைக் கழற்றினார். என் பாதத்தைத் தூக்கித் தன் முட்டியின்மேல் வைத்துக்கொண்டார். கல்யாணத்தன்று அம்மியின் மேல் வைத்து மெட்டி போட்டுவிட்டதற்கு அப்புறம் அவர் என் காலைத் தொட்டதே கிடையாது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் நீச்சல் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் ஜோடி வேறு எங்களையே பார்த்தது.

“எந்திரிங்க, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். கழண்டு விழுந்தா நடுக்கடல்ல யாரு போய்த் தேடறது?” என்றார். மெட்டி சுலபமாக வரவில்லை. கொஞ்சம் எச்சில் தொட்டுத் திருகித் திருகி எடுத்தார். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “கடல்ல இருக்கறப்ப மட்டும்தான்” என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்த மனிதர்மேல் அப்போது எனக்கு வந்த அன்பை என்ன செய்வதென்று தெரியாமல், கடைக்காரப் பெண்ணிடம் தள்ளுபடி உண்டா என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் புதிய ஃபின்ஸை போர்ச்சில் வைத்துவிட்டு உள்ளே போனேன். காலையில் பார்த்தால் அங்கே காணோம். தேடிக்கொண்டு வந்தால், எங்கள் படுக்கையறை அலமாரிக்கு மேல், ஒரு துண்டை விரித்து அதன்மேல் இரண்டும் படுத்துக்கொண்டிருந்தன. பாதப் பை அமுங்காமல் இருக்க உள்ளே இருந்த பிளாஸ்டிக் அச்சையும் எடுக்காமல் விட்டிருந்தார். அவரே தேநீர் குடித்துக்கொண்டு, “தரையில படாதுன்னு சொன்னியே” என்றார்.

மழைக்காலத்துக்கு முன்னான கடைசிப் படகுகளில் ஒன்றில் போனோம். குளுவாங்கில் ரொட்டி சாப்பிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மெர்சிங் வரைக்கும் ஓட்டினோம். வழியெல்லாம் அவர் என்னை எச்சரித்துக்கொண்டே வந்தார். தூரம் போகாதே, கூட்டத்தோடு இரு, கால் பிடித்தால் மல்லாந்து படு. படகில் ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. பெஞ்சுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பவழப்பாறைக்கு மேல் படகை நிறுத்தினார்கள். ஃபின்ஸை மாட்டிக்கொண்டு, தகடு தடுக்காமலிருக்கப் பின்னால் பின்னால் நடந்து படகின் விளிம்புக்குப் போய் உட்கார்ந்து, தண்ணீரில் இறங்கினேன். வழிகாட்டி வளையத்தை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். என் குரல் வந்திருக்காது, அவ்வளவு பயம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, இடுப்பிலிருந்து மெல்ல உதைத்தேன். தகடு வளைந்து தண்ணீரைத் தள்ளியது. போனேன். இன்னொரு உதை, இன்னும் போனேன். யாரும் இழுக்கவில்லை. என் கால்தான் என்னைக் கொண்டுபோனது. எனக்கு அப்போது உண்டான சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. நீருக்கடியில் ஒரு பாட்டு மாதிரி எதையோ முனகிக்கொண்டே போனேன் என்று மட்டும் ஞாபகம்.

பாறையின் முனை வரைக்கும் போனேன். அங்கே அடி சட்டென்று ஆழமாகி, நீலம் கறுத்துப் போகிறது. ஆமை ஒன்று அந்த விளிம்பில் எதையோ மேய்ந்துகொண்டிருந்தது. அதன் கண்ணைப் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் வீட்டுப் பெரியவர் மாதிரி சிடுசிடுப்பாக இருந்தது. அதைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது படகு தூரத்தில் இருந்தது. அவர் எழுந்து நின்று, நெற்றியில் கை வைத்து என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு உடனே அவரிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. சொன்னால் போதாது, காட்டவேண்டும். நேர்கோட்டில் நீந்திப் படகுக்குத் திரும்பினேன்.

“இறங்குங்க.”

“உனக்குப் பைத்தியமா?”

“ஜாக்கெட் போட்டிருக்கீங்க, முழுகமாட்டீங்க. நான் இருக்கேன்.”

வழிகாட்டி சிரித்துக்கொண்டே அவருக்குக் கண்ணாடியும் குழாயும் மாட்டிவிட்டார். ஏணியில் ஒவ்வொரு படியாக முருகா முருகா என்று இறங்கினார். கழுத்து வரைக்கும் தண்ணீர் வந்ததும் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மெல்ல ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன். அவருடைய மிதவைச் சட்டையின் தோள்பட்டையில் இருந்த பட்டையைப் பிடித்துக்கொண்டு உதைக்க ஆரம்பித்தேன். டயர் கடைக்காரர், கனமான ஆள். என் தொடை எரிந்தது. ஆனால் தகடு நன்றாகத் தள்ளியது, இரண்டு பேரும் நகர்ந்தோம். அவர் முகத்தை வானத்துக்குத் தூக்கிவைத்துக்கொண்டு, “விட்டுடாதே, விட்டுடாதே” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

“கீழ பாருங்க. ஒரே ஒரு தடவ.”

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். அப்புறம் எப்போது திறந்தார் என்று தெரியாது. முணுமுணுப்பு நின்றது. குழாய் வழியாக மூச்சு வருகிற சத்தம் மட்டும் கேட்டது. பாறையின் முனைக்குப் பாதி தூரம் வந்திருப்போம். ஆமை இன்னும் அங்கேதான் இருந்தது, ஆனால் எனக்கு மூச்சு வாங்கியது, படகு வரைக்கும் திரும்பவும் அவரை இழுத்துக்கொண்டு போகவேண்டும். போதும், திரும்பலாம் என்று நினைத்து அவர் தோளைத் தட்டினேன்.

அவர் தலையைத் தூக்கி, குழாயைத் துப்பினார். மீசையெல்லாம் உப்புத் தண்ணீர்.

“எதுக்குத் தட்டற? இன்னும் கொஞ்சம் தூரம் போலாம்லா” என்றார்.